டால்டனுடைய நடை

பட்லர்ஸ் டிக்கிள்,
நியூஃபவுண்ட்லாந்து.
பிப்ரவரி, வியாழக்கிழமை.

அன்பு மகள் வெர்னாவுக்கு உன் அப்பா ஏசா சொல்லி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் தம்பி லியாண்டரும் உடம்பளவில் சுகம், அங்கே ஆல்பர்ட்டாவில் நீயும் மாப்பிள்ளை ராயும் குழந்தைகளும் வயிறாரச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். எழுதித் தருவது வியாழன்தோறும் படகில் வந்து எனக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போகிற நர்ஸ் பெர்ல். இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய், போன் அடுக்களைச் சுவரில் இருக்கிறது, உன் தம்பி பொழுதெல்லாம் அடுக்களைக் கட்டிலில்தான் கிடக்கிறான், அதனால்தான். உள்ளூர் ஆள் யாரிடமும் எழுதித் தரச் சொல்லக்கூடிய சங்கதியும் இல்லை. பெர்ல் வெளியூர்க்காரி, கேட்டதை மனதோடு வைத்துக்கொள்கிறவள்.

நீ அனுப்பிய கம்பளிச் சட்டை சரியாக இருக்கிறது, கை மட்டும் நீளம், மடித்துவிட்டுக்கொள்கிறேன். பேத்தி மேவிஸுக்குப் பல் விழுந்ததாமே, புதுப்பல் முளைக்கிறவரை நாக்கால் துழாவ விடாதே, கோணிக்கொண்டு வரும், உனக்கே அப்படித்தான் வந்தது. மாப்பிள்ளை பனியில் லாரி ஓட்டும்போது முன்னால் போகிற வண்டியை ஒட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். உன் அம்மாவின் கல்லறைச் சிலுவை நவம்பர் காற்றில் சாய்ந்து கிடந்தது, நிமிர்த்தி, கல் அண்டை கொடுத்து நிறுத்தியாயிற்று. மூஸ் மான் கறி ஒரு கால் கிடைத்தது, உப்புப் போட்டு வைத்திருக்கிறோம், சாப்பிடத்தான் ஆள் இல்லை, உன் தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோகிறான். இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் நண்டு சீசன் திறக்கும், அதற்கு முன்னால் லியாண்டரை நீ உன்னிடம் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். அவன் ஹெட்லியோடு கடலுக்குப் போகக் கூடாது. போனால் அவன் திரும்பி வரமாட்டான் என்று என் நெஞ்சு சொல்கிறது வெர்னா. நான் சும்மா பயப்படுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

போன மே மாதம் ஹெட்லியின் ஒரே மகன் டால்டன் உன் தம்பி ஓட்டுகிற நம் படகிலிருந்து கடலில் போனது நீ அறிந்ததுதான், அறியாத பாதியைச் சொல்கிறேன். நண்டுக் கூண்டுகளை வரிசையாகக் கடலில் தள்ளிக்கொண்டிருந்தபோது ஓடுகிற கயிற்றின் சுருள் பையனுடைய கணுக்காலில் மாட்டிக்கொண்டது. அப்படி மாட்டினால் அறுப்பதற்கென்றே படகின் பக்கப் பலகையில் ஒரு கத்தி செருகியிருக்க வேண்டும், நான் கடலுக்குப் போன காலத்திலிருந்தே அந்தக் கத்தியை யாரும் வேறு வேலைக்குத் தொடுவதில்லை. அன்றைக்கு அது அங்கே இல்லை. காலையில் ரொட்டி அறுக்க எடுத்துப்போன உன் தம்பி கேபினிலேயே வைத்துவிட்டான். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வருவதற்குள் கூண்டுகளின் பாரம் பையனைக் கடலுக்குள் இழுத்துப்போய்விட்டது, உடம்புகூடக் கிடைக்கவில்லை. படகு துறைக்கு வந்ததும் கரையில் நின்ற ஹெட்லி ஒரே ஒரு கேள்வி கேட்டான், "கத்தி எங்கடா இருந்துச்சு?" என்று. லியாண்டர் குனிந்து படகைக் கட்டிக்கொண்டிருந்தான். என்னிடம் மட்டும் பிறகு அழுதுகொண்டே சொன்னான். (இந்த இடத்தில் பெர்ல் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், எழுதும்மா என்றேன்.) அந்தக் கேள்விதான் ஹெட்லி வாயிலிருந்து வந்த கடைசிப் பேச்சு. அதற்கப்புறம் பாதிரியாரிடம் பேசவில்லை, பெண்டாட்டி எஃபியிடம் பேசவில்லை, கடையில் வேண்டியதை விரலால் காட்டி வாங்கிக்கொண்டு போனான். நம் படகிலும் அதன் பிறகு யாரும் ஏறவில்லை, ஒரு ஆளைக் கொடுத்த படகில் அடுத்த ஆள் ஏற யோசிப்பான், அதில் நான் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன்.

இலை உதிர்கிற காலத்தில் கமிட்டி வந்தது. பள்ளிக்கூடம், கோயிலின் பாரிஷ் ஹால் பெண்கள் சங்கம், மீன் ஆலைத் தொழிலாளர் சங்கம், செயின்ட் ஜான்ஸிலிருந்து பண்பாட்டு அலுவலகம், இந்த நான்கும் கைகோத்துக்கொண்டு இளையோர் கலைப் பண்பாட்டுக் கூட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவு நீளத்துக்கு நமக்கு வாய் போகாது, கமிட்டி என்கிறோம். ஆலைச் சங்கம் வேன் கொடுக்கிறது, பக்கத்துத் துறைப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். பெண்கள் ஹாலில் அடுப்பு மூட்டி சூப் வைக்கிறார்கள், பள்ளிக்கூடம் முடிந்த பிறகு இருட்டுகிறவரை பாட்டு, ஃபிடில், கூத்து, வண்ணம் தீட்டுவது என்று நடக்கிறது. நல்ல காரியம்தான், அதில் நான் குறை சொல்லவில்லை. துறையில் கடல்புறாக்கள் மேல் கல்லெறிந்துகொண்டு நின்ற பிள்ளைகள் இன்றைக்கு வில்லைப் பிடித்து ஃபிடில் வாசிக்கின்றன, வாரன் வீட்டுப் பெண் இருக்கிறதே திக்குவாய், பாடும்போது அதற்குத் திக்கவில்லை, அதைக் கேட்டு அவள் அம்மா ஹால் வாசலில் நின்று அழுதாள். செயின்ட் ஜான்ஸிலிருந்து வந்திருக்கிறவள் பெயர் ரொவீனா, சின்ன வயது, நல்ல மனது, எந்நேரமும் கையில் ஒரு பதிவுக் கருவி. என் முன்னாலும் அதை வைத்து, "மாமா, ஒங்களுக்கு ஞாபகம் இருக்குற எல்லாத்தயும் சொல்லுங்க" என்றாள். எல்லாமா என்று கேட்டுக்கொண்டு இந்தத் துறையில் என் காலத்தில் இருந்த நாய்களின் பெயரை வீடு வீடாகச் சொல்ல ஆரம்பித்தேன், மேற்குக் கோடிக்கு வருவதற்குள் கருவியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெண்கள் சிரித்த சிரிப்பில் சூப் கொட்டிப்போயிற்று.

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளை மம்மர் வேஷம் கட்டி வீடு வீடாக அனுப்ப வேண்டும், முகத்தை மூடி, குரலை மாற்றி, பழைய முறைப்படி செய்ய வேண்டும் என்று கமிட்டியில் முடிவாயிற்று. அப்போதுதான் யாரோ ரொவீனாவிடம், வாலிபத்தில் ஹெட்லி கட்டிய வேஷத்தை ஒரு வீட்டிலும் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் எஃபியிடம் போய் நின்றாள். பெண்கள் தடுத்தார்கள், "துக்க வீட்டாளு வேஷம் கட்டக் கூடாது கண்ணு, துக்க வீட்டுக்கு வேஷமும் போகாது, ஒரு வருஷம் கழியணும்" என்று. அதற்கு அவள், "அவரு கட்டவே வேணாம், பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தாப் போதும்" என்றாள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் அங்கேதான் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேஷம் கட்டக் கூடாது என்று வழக்கம் இருக்கிறது, சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று இல்லை, ஏனென்றால் இதை யாரும் யாருக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததே கிடையாது, பெரியவர்களைப் பார்த்துச் சின்னவர்கள் தாமாகச் செய்துகொண்டதுதான். அந்த ஓட்டை வழியாகத்தான் ஹெட்லி உள்ளே வந்தான். பாதிரியார்கூட, மனுஷனுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்றார்.

வந்தவன் பிள்ளைகள் முன்னால் நின்றான். பிறகு மூச்சை உள்ளே இழுத்தபடியே, நாம் வேஷத்தில் பேசுவோமே அந்த உள்மூச்சில், "மம்மர் வரலாமா?" என்றான். மே மாதத்துக்குப் பிறகு அவன் தொண்டையிலிருந்து கேட்ட முதல் சத்தம். எஃபி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள், பெண்கள் எல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். அன்றிலிருந்து அவன் பேசுகிறான், கடையில் புகையிலை கேட்கிறான், வழியில் பார்த்தால் "குளுரு எப்பிடி மாமா" என்கிறான், எல்லாம் அந்த உள்மூச்சில்தான், ஒரு சொல்லும் மூச்சு வெளியே வரும்போது வருவதில்லை. ஊரார் நல்ல அடையாளம் என்றார்கள். முகத்திரையை எடுக்காத ஆள் என்று எனக்குப் பட்டது. அவன் பிள்ளைகளுக்குச் சொன்னது என்னவென்றால், "மூஞ்சிய துணி மறைக்கும், குரல மூச்சு மறைக்கும், காட்டிக் குடுக்கறது நட. அதனால ஒங்க நடய வீட்டுல வச்சுட்டு இன்னொருத்தர் நடய எடுத்துக்கிட்டுப் போங்க" என்று. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒருவன் பாதிரியார் நடையை எடுத்துக்கொண்டான், ஒருத்தி கடைக்காரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பது போல நடந்தாள், கடைக்காரியே பார்த்துவிட்டு, "அடிப்பாவி, நான் அவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்று கேட்டு, "இல்ல அத்த, துணி போதல" என்று பதில் வாங்கிக்கொண்டு போனாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து மூன்றாம் நாள் சாயங்காலம், சாப்பாடு முடிந்து விளக்குப் போட்டிருக்கிற நேரம், கதவு தட்டப்பட்டது. நான் வரச் சொன்னேன். தலையணை உறையும் லேஸ் திரையும் முகத்தில் தொங்க, உள்ளே துணி அடைத்துக்கொண்டு, கையுறையோடு கூட்டமாக வந்தார்கள், பின்னால் ரொவீனா கருவியோடு. அடுக்களை கொள்ளவில்லை. முதலில் வந்தது நான், என் நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு நானே என் கதவு வழியாக வருகிறதைப் பார்த்தேன், வாரன் வீட்டுப் பெண்தான், சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. லியாண்டர்கூட அன்றைக்குச் சிரித்தான் வெர்னா, அக்கார்டியனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், அவர்கள் ஆடினார்கள். எனக்குப் படிப்பு இல்லை, ஆளை நடையில்தான் எனக்குத் தெரியும், ஒரு முறை பார்த்த நடை மறக்காது, ஒவ்வொருவராகப் பெயர் சொன்னேன், ஒவ்வொருவராகத் திரையைத் தூக்கினார்கள், கேக்கும் சர்பத்தும் கொடுத்தோம். கடைசியில் ஒரு ஆள் பாக்கி. கடலுக்குப் போடுகிற எண்ணெய்த்துணி அங்கி, முகத்தில் லேஸ் திரை. இடது குதிகாலைச் சற்றே தேய்த்து, கை தொடையில் தட்டத் தட்ட, கதவிலிருந்து அடுப்புவரை போய்த் திரும்பினான். அந்த நடை எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் யாருடையது என்று யோசிப்பதற்குள், ஆட்டத்தின் வேகத்தில், வாய் முந்திக்கொண்டு விட்டது. "டால்டன்!" என்று கத்திவிட்டேன்.

அக்கார்டியன் நின்றது. பெயர் சரியாகச் சொன்னால் திரையை எடுக்க வேண்டும், அதுதானே முறை. அவன் தலையை ஆட்டினான், ஆமாம் என்று. மெதுவாகத் திரையைத் தூக்கினான், அதற்குக் கீழே இன்னொரு திரை இருந்தது. பிள்ளைகள் கை தட்டின. அவன் நேரே உன் தம்பிக்கு முன்னால் போய் நின்று உள்மூச்சில், "வசந்தத்துக்குப் படகுல ஆளு வேணுமா ஸ்கிப்பர்?" என்று கேட்டான். அப்போதுதான் அது ஹெட்லி என்று எனக்குத் தெரிந்தது. துக்க வீட்டு ஆள் வேஷம் கட்டி வருவான் என்று நான் கனவிலும் எண்ணியிருந்தால் அவன் பெயரைத்தான் முதலில் சொல்லியிருப்பேன், அது எனக்கு எண்ணத்திலேயே வரவில்லை. லியாண்டர் அக்கார்டியனை மடியிலிருந்து இறக்கி வைத்தான். "வேணும்" என்றான். கிறிஸ்துமஸில் நாலு பேர் முன்னால் கேட்டுக் கொடுத்த படகு இடத்தை இங்கே யாரும் திருப்பி வாங்குவதில்லை, உனக்குத் தெரியும். ஹெட்லி ரம் குடிக்கவில்லை, கேக் தொடவில்லை, அதே நடையில் வெளியே போனான்.

கமிட்டிக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. பகை தீர்ந்தது, பிள்ளைகளின் வேஷம் இரண்டு வீட்டைச் சேர்த்துவைத்தது என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். இப்போது படகுகளை ஆசீர்வதிக்கிற ஞாயிற்றுக்கிழமைக்குப் புது ஏற்பாடு, பிள்ளைகள் எல்லோரும் வேஷம் கட்டி ஹாலிலிருந்து துறைவரை நடந்து வந்து படகை அனுப்பிவைக்க வேண்டுமாம், பழக்குகிறவன் ஹெட்லி. என்ன பழக்குகிறான் என்று கேள். போன வாரம் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன், ஹால் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் இடது குதிகாலைத் தேய்த்துக்கொண்டு, கையைத் தொடையில் தட்டிக்கொண்டு போகின்றன. பெரியதும் சின்னதும், பெண்ணும் பையனும், பனியில் வரிசையாக, எல்லாம் டால்டன். லியாண்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான், போய்ப் படுத்துக்கொண்டான்.

ரொவீனாவிடம் போய்ச் சொன்னேன். "ஏசா மாமா, அவரு பையன் நடய பிள்ளைங்க கால்ல உசுரோட வச்சிருக்காரு, அதுல என்ன தப்பு?" என்று கேட்டாள், கண்ணில் தண்ணீர் அவளுக்கு. பாதிரியார், "ஒரு மனுஷன் இப்பதான் வாயத் தொறந்திருக்கான், அத மூடச் சொல்றீங்களா?" என்றார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதனால்தான் எனக்குச் சொல்ல வழியில்லை. எஃபி மட்டும் கடைக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, பையனோட பூட்ஸ எடுத்து எண்ண போட்டு மாட்டிக்கிட்டுத் திரியறாரு, அது அவருக்குச் சின்னது, வெரலெல்லாம் புண்ணு. படுக்கைலயும் அந்த மூச்சுதான். வெளிய விட்டு ஒரு வார்த்த பேசட்டும், அப்பறம்தான் எனக்குத் தூக்கம். லியாண்டர எங்கயாவது அனுப்பிருங்க மாமா" என்றாள். அவன் பெண்டாட்டி சொல்கிறாள் வெர்னா, நான் சொல்லவில்லை. உன் தம்பியிடம் பேசிப் பார்த்தேன். "அவரு கேட்டாரு, நான் குடுத்தேன், அந்த மனுஷனுக்கு நான் வேற என்னத்த குடுக்க முடியும் அப்பா?" என்கிறான். என்ன நடந்தாலும் சரி என்று இருக்கிறான், அந்த இருப்புதான் ஹெட்லியைவிட எனக்குப் பயம் தருகிறது.

போன ஞாயிறு கோயில் விட்டதும் ஹெட்லி நம் அடுக்களைக்கு வந்தான், கூண்டுகளையும் கயிற்றையும் பற்றிப் பேச. தொப்பியைக் கழற்றவில்லை, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். இரண்டு பேருமாகத்தான் போகிறார்கள், வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் ஒரு முடிவோடு, "மூணாவது ஆளா நான் வர்றேன், கயிறு சுருட்ட எனக்கு இன்னும் கை இருக்கு" என்றேன். லியாண்டர் சிரித்துவிட்டான், "ஒங்கள ஏணில ஏத்தவே ரெண்டு பேரு வேணும் அப்பா" என்றான். ஹெட்லி சிரிக்கவில்லை. என்னை ஆதரவாகப் பார்த்தான், சின்ன வயதில் என்னிடம் தூண்டில் கேட்க வருவானே, அதே பார்வை. வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்து, "எடம் இல்ல மாமா, மூணு பேரு ஆயாச்சு" என்றான். மூன்றாவது யார் என்று நான் கேட்கவில்லை. உன் தம்பியைப் பார்த்தேன், அவன் சரிதான் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அதனால் மகளே, தாமதிக்காதே. இது கிடைத்ததும் போன் செய், ராய்க்குத் துணையாக ஒரு ஆள் வேண்டும் என்று சொல், உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல், எதைச் சொன்னாலும் என் பெயரைச் சொல்லாதே. உன் குரலுக்கு அவன் சிறு பிள்ளையிலிருந்தே எழுந்து வருவான். கொடுத்த வாக்கை மீறினான் என்று ஊர் காறித் துப்பும், துப்பட்டும், அந்த எச்சிலை நான் இங்கே இருந்து துடைத்துக்கொள்கிறேன். பெர்ல் தன் படகிலேயே அவனைக் கூட்டிக்கொண்டு போய் விமானத்தில் ஏற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள், எந்த வியாழனானாலும் சரி, ஆனால் சீசன் திறக்கும் முன் வருகிற வியாழனாக இருக்க வேண்டும். ஆண்டவர் உன்னையும் ராயையும் குழந்தைகளையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். உன் அம்மா இருந்து சொல்ல வேண்டிய ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே சொல்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அவனுக்கு அங்கே ஒரு படுக்கையை இன்றைக்கே விரித்து வை.

இப்படிக்கு,
உன் அப்பா ஏசா டர்ன்ஃபோர்ட்,
X
(இந்தக் குறி அவர் கையால் போட்டது. பெர்ல்.)